கடலோரப் பங்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: திருச்சபையின் சமூகப் போதனையை எங்கிருந்து வாழத் தொடங்குவது?

தொண்டியில் தொடங்கி, காரங்காடு, மோர்ப்பண்ணை, பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று ராமநாதபுரம் கடற்கரை நெடுகக் கத்தோலிக்க ஊர்கள் இருக்கின்றன. 1987இல் மதுரையிலிருந்து பிரிந்த சிவகங்கை மறைமாவட்டத்தின் பங்குகள், அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோயில் சமூகங்கள், இவை. இங்கே மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், கல்யாணமாகி வரும் பெண்கள், படித்து முடித்து ஊர் திரும்பும் இளைஞர்கள் எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: "பூசைக்குப் போய் வருகிறோம், பங்குக்கு ஏதாவது உருப்படியாகச் செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குருக்களும் துறவிகளும் அல்லாத பொதுநிலையினரின் பணியைப் பற்றி, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஆணையில் ஒரு கண்டிப்பு இருக்கிறது: நீதிப்படி ஒருவருக்குச் சேர வேண்டியதை அன்பளிப்பு என்று சொல்லிக் கொடுக்கக் கூடாது. நம் பங்குகளில் அரிசிப் பை, சேலை, நோட்டுப் புத்தகம் கொடுப்பதற்குக் குறைவே இல்லை. அது நல்லதுதான். ஆனால் அந்தப் பையை வாங்கும் அக்காவுக்கு வர வேண்டிய உதவித்தொகை எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்க ஆளில்லை. புதிதாக வருகிறவர் செய்ய வேண்டியது அந்தக் கேள்வியைக் கேட்பதுதான். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதையொட்டியே வரும்.

ஊரின் நேரத்தைப் படியுங்கள்

முதல் மூன்று நான்கு மாதங்களுக்கு எந்தத் திட்டமும் போடாதீர்கள். ஊர் எப்போது எழுகிறது, எப்போது தூங்குகிறது, எந்த மாதம் கையில் காசு இருக்கிறது, எந்த மாதம் இல்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. இரு தரப்பும் ஒரே பாக் நீரிணையில் மோதிக்கொள்ளாமல் பிழைக்க வேண்டும் என்று செய்துகொண்ட ஏற்பாடு அது. பொது நன்மை என்றால் என்ன என்று மறைக்கல்வி வகுப்பில் விளக்க வேண்டுமானால் இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம். சரி, இது உங்களுக்கு எதற்கு? சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில்தான் கரை சேரும். மீன் இறங்கும் நேரமும் முதல் பூசை நேரமும் ஒன்றாக இருந்தால், மீன் பிரிக்கிற பெண்களும் கூலி மீனவர்களும் கோயிலில் இருக்க மாட்டார்கள். "அவர்களுக்குப் பக்தி இல்லை" என்று யாராவது சொன்னால், ஒரு ஞாயிறு விடியற்காலையில் இறங்குதளத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று. மன்னார் வளைகுடாப் பக்கம் பாசி எடுக்கும் பெண்களுக்குத் தனிக் கணக்கு: அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில், விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு பாறைகளுக்கு நடுவே முங்குவார்கள். அந்த நாட்களில் மாதர் கூட்டம் வைத்தால் யாரும் வர மாட்டார்கள். விடியுமுன் ஏலத்துக்குப் போகும் பெண்ணை இரவு எட்டரை மணிக் கூட்டத்துக்கு அழைப்பதும் அப்படித்தான்.

திருவாடானை வட்டத்தில் ஓரியூருக்கு ஒருமுறை போய் வாருங்கள். லிஸ்பனில் பிறந்த புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே வெட்டிக் கொல்லப்பட்டார். 1947இல் புனிதர் பட்டம் பெற்றார். அவர் இந்த மண்ணுக்கு வந்ததும் காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழ் கற்று, தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டார். புதிதாக வந்தவர் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு புனிதர் இருக்கிறார்.

எவ்வளவு வாசிக்க வேண்டும்?

கொஞ்சம் போதும். 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளரின் கூலி, சங்கம் சேரும் உரிமை பற்றித் திருச்சபைக்கு எழுதிய கடிதமான சுற்றுமடலில்தான் திருச்சபையின் சமூகப் போதனை இன்றைய வடிவத்தில் தொடங்குகிறது. அதன்பின் வந்தவை நிறைய. புதிதாக வருகிறவர் படைப்பைப் பேணுவது பற்றி 2015இல் வந்த சுற்றுமடலையும், உடன்பிறந்த உணர்வு பற்றி 2020இல் வந்ததையும் எடுத்து, வாரத்துக்கு இரண்டு மூன்று பத்தி வீதம் படித்தால் போதும். முழுதும் படித்த பிறகுதான் தொடங்குவேன் என்று உட்கார்ந்துவிட வேண்டாம்.

முறை என்று ஒன்று வேண்டுமானால், பெல்ஜியத்தில் இளம் தொழிலாளர்களோடு உழைத்த கார்டைன் கற்றுத்தந்த 'பார், சீர்தூக்கு, செயல்படு' இருக்கிறது. 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் தன் சுற்றுமடலிலேயே அதைப் பரிந்துரைத்தார். நம்மில் பலர் 'பார்' என்பதைத் தாண்டிக் குதித்து நேராகச் 'செயல்படு'வுக்குப் போய்விடுகிறோம். அதனால்தான் யாருக்கும் தேவைப்படாத உதவிகள் விநியோகமாகின்றன.

அன்பியத்தில் உட்காருங்கள், ஆறாவது படியை விடாதீர்கள்

புதிய அமைப்பு எதையும் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே அன்பியம் இருக்கிறது, வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது, மரியாயின் சேனை இருக்கிறது, இளையோர் இயக்கம் இருக்கிறது. உங்கள் தெரு எந்த அன்பியத்தில் வருகிறது என்று கேட்டு, அந்தக் கூட்டத்தில் போய் உட்காருங்கள். பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஒன்றாகக் கூடி இறைவார்த்தை வாசிக்கும் இடம் அது. பங்கு அலுவலகத்தில் தெரியாத விஷயம்கூட அங்கே தெரியும்: யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பையன் பத்தாம் வகுப்போடு நின்று படகுக்குப் போகிறான், யார் வீட்டு வாசலில் வட்டிக்காரர் வந்து நிற்கிறார்.

பல அன்பியங்களில் இறைவார்த்தைப் பகிர்வை ஏழு படிகளில் நடத்துவார்கள். ஐந்தாவது படியில் ஆளுக்கொரு வசனம் சொல்லிப் பகிர்ந்ததும், நேரே ஏழாவதுக்குப் போய் மன்றாட்டு சொல்லிக் காப்பி குடித்து முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆறாவது படியில்தான் "இந்த வாரம் நாம் என்ன செய்யப் போகிறோம், யார் செய்யப் போகிறார்கள்?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள். பணிவாக, ஒரே ஒரு வேலையைப் பற்றி. "போன வாரம் மரியக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னோமே, போனோமா?" என்ற அளவில் இருந்தால் போதும். இரண்டு மூன்று கூட்டங்களில் மற்றவர்களும் கேட்கத் தொடங்குவார்கள்.

ஒரு நோட்டு போடுங்கள்

எல்லாப் படியிலும் பலன் அதிகம் தருவது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அன்பியப் பொறுப்பாளரோடு சேர்ந்து ஒரு நோட்டு போடுங்கள். உங்கள் அன்பியத்தின் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். எந்த மதம், எந்தச் சாதி என்று பார்க்காமல் எல்லா வீடும். அந்த வீட்டுக்கு என்ன கிடைக்க வேண்டும், என்ன கிடைத்திருக்கிறது, எது எங்கே நிற்கிறது என்று மட்டும் எழுதுங்கள். கடன் எவ்வளவு, குடிக்கிறாரா, சண்டையா என்பதெல்லாம் வேண்டாம். நோட்டு பொறுப்பாளர் வீட்டில் பெட்டிக்குள் இருக்கட்டும். வாட்ஸாப் குழுவில் போடக் கூடாது.

மீனவ வீடுகளில் பார்க்க வேண்டியவை: தமிழ்நாடு மீனவர் நல வாரியத்தில் உறுப்பினரா? வாரியம் 2007இல் தொடங்கியது. விபத்து மரண நிவாரணம், பிள்ளைகளின் படிப்புக்கான உதவி எல்லாம் உறுப்பினருக்குத்தான். பெண்கள் மீன் விற்றாலும், கருவாடு போட்டாலும், பாசி எடுத்தாலும் அவர்களும் தொழிலாளிகள்தான். கணவர் பெயரில் அட்டை இருக்கிறது, போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் தடைக்கால நிவாரணம் கணக்கில் ஏறியதா? சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவப் பெண் 1,500 ரூபாய் கட்டினால், அரசின் பங்கு 3,000 சேர்ந்து 4,500 ஆகத் திரும்பி வரும். கட்டிய மாதங்களின் ரசீது இருக்கிறதா? விதவை உதவித்தொகை, முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை என்று பட்டியல் நீளும்.

தடங்கல் பெரும்பாலும் பெயரில்தான் வரும். பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் அந்தோணியம்மாள், ஆதாரில் அந்தோணி அம்மா, வங்கிப் புத்தகத்தில் கணவரின் முதலெழுத்தோடு ஒன்று, வீட்டில் கூப்பிடுவது வேறொன்று. டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஒரு பாலித்தீன் பைக்குள் எல்லாக் காகிதமும் மடித்து வைத்திருப்பார்கள். அதைப் பாயில் ஒவ்வொன்றாக விரித்து, நான்கு காகிதத்திலும் பெயர் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக் காட்டுங்கள். உப்புக் காற்றில் ஓரம் மங்கிப்போன காகிதங்களை உடனே படம் எடுத்து வையுங்கள். எதை எதனோடு பொருத்தித் திருத்த வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு மாலை ஆகும். இ-சேவை மையத்துக்கு நீங்களும் கூடப் போங்கள், ஆனால் மனுவை அவர் கையால் கொடுக்கட்டும். அதிகாரியிடம் அவரே பேசட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். மனித மாண்பு என்று நாம் சொல்வது அந்த வரிசையில் அவர் எப்படி நிற்கிறார் என்பதில் இருக்கிறது.

கடலில் காணாமல் போனவரின் வீட்டுக்குத் தனி கவனம் வேண்டும். உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்றிதழ் எளிதில் வராது. ஏழு வருடம் செய்தி இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்பது சட்டம். அதுவரை அந்தப் பெண் விதவையும் இல்லை, மனைவியும் இல்லை என்ற நிலை. கடலோரக் காவல் நிலையமான கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தில் புகார் பதிந்த நகல், மீன்வளத் துறைக்குக் கொடுத்த மனுவின் நகல், கூடப் போனவர்களின் வாக்குமூலம் மூன்றையும் முதல் வாரத்திலேயே வாங்கி வைத்துவிட்டால் பின்னால் பெரிய உதவியாக இருக்கும். துக்க வீட்டில் காகிதம் பேசுவது தப்பு என்று நினைப்பார்கள். குடும்பத்தில் நிதானமாக இருக்கும் ஒருவரைப் பார்த்துத் தனியாகச் சொல்லுங்கள்.

வட்டிக் கடன் பற்றிக் கேட்டால் சுருக்கமாக: கந்துவட்டிக்கு எதிராக 2003இலிருந்து தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, தனியாக ஒருவரைப் புகார் கொடுக்க அனுப்பாதீர்கள், மகளிர் குழுவாகப் போங்கள்.

திருவிழா வரி

புதிதாக வந்தவர் முதல் வருடம் வாய் திறக்கக் கூடாத விஷயம் இது. இரண்டாம் வருடம் கட்டாயம் திறக்க வேண்டும்.

தலைக்கட்டு வரி என்று எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை போடுவது பல ஊர்களில் வழக்கம். 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விசைப்படகு வைத்திருப்பவருக்கு அது ஒருமுறை நன்றாக மீன் பட்டால் வரும் காசில் சில்லறை. தலைச்சுமையாகக் கருவாடு விற்கும் கைம்பெண்ணுக்கு அது பல நாள் சாப்பாடு. எல்லோருக்கும் ஒரே தொகை என்பது பார்க்கச் சமமாகத் தெரியும், நீதி ஆகாது. அதோடு நாளையும் பாருங்கள். புனித அந்தோணியார் திருநாள் ஜூன் 13. தடைக்காலம் முடிவதற்கு முந்தைய நாள். இரண்டு மாதமாகப் படகு கரையில் கிடக்கும்போது வரி கேட்டு வாசலில் நிற்கிறோம். கடன் வாங்கித்தான் கட்டுவார்கள், ஏனென்றால் கட்டாதவர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. ஏழைக்கு நண்பரான அந்தோணியார் பெயரால் ஏழையை அவமானப்படுத்துவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. நீங்களும் ஏற்க வேண்டாம்.

என்ன செய்யலாம்? ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினால் "நேற்று வந்தவன்" என்று உட்கார வைத்துவிடுவார்கள். முதலில் அன்பியத்தில் பேசுங்கள். அங்கிருந்து பங்கின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவைக்குப் போகும் பிரதிநிதி மூலம் யோசனையாக வரட்டும். மூன்று யோசனைகள் நடைமுறையில் எளிது. வரியைப் படகு, தொழில், மாதச் சம்பளம் பார்த்து மூன்று நான்கு படிநிலையாகப் பிரிப்பது. யாருக்கு விலக்கு என்பதைப் பங்கு அளவில் முடிவு செய்யாமல் அந்தந்த அன்பியமே பெயர் சொல்லாமல் முடிவு செய்வது. வீட்டு நிலைமை அங்கேதான் தெரியும். வசூலைத் தை, மாசியிலேயே தவணையாகத் தொடங்குவது. சிறிய அளவில் முடிவெடுக்க முடிந்ததை மேலே தள்ளக் கூடாது என்று 1931இலிருந்து திருச்சபை சொல்லி வரும் கோட்பாட்டுக்கு, இரண்டாவது யோசனை நேரடிச் செயல்வடிவம்.

கொடியேற்றத்துக்கும் சப்பரத்துக்கும் ஊர் செலவழிப்பதைக் குறைசொல்லிக்கொண்டு போகாதீர்கள். வருடம் முழுதும் உயிரைப் பணயம் வைப்பவர்களுக்கு அந்தப் பத்து நாள் வேண்டும். வாணவேடிக்கைக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு வைக்கக் கேட்கலாம், அவ்வளவுதான்.

பிடிபட்ட படகும் இரண்டு வீடுகளும்

இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போன செய்தி வந்த அன்று ஊர் என்ன செய்யும் என்று பாருங்கள். படகு உரிமையாளர் வீட்டுக்கும், ஊர்க்காரர்களான ஓட்டுநர் வீட்டுக்கும் ஆட்கள் போவார்கள், ஜெபமாலை நடக்கும். அதே படகில் கூலிக்குப் போன இரண்டு பேர் உள்நாட்டுக் கிராமத்துக்காரர்களாக இருப்பார்கள். வேறு சாதி, வேறு மதமாகவும் இருக்கலாம். அந்த வீட்டுக்கு யாரும் போவதில்லை. புதிதாக வந்த உங்களுக்கு ஒரு வேலை: அந்த இரண்டாவது வீட்டைக் கண்டுபிடித்துப் போவது.

போகும்போது கையோடு எடுத்துப்போக வேண்டியது பட்டியல்தான். பிடிபட்டவரின் முழுப் பெயர், ஆதார் நகல், மீனவர் அடையாள அட்டை, படகின் பதிவு எண், கடலுக்குப் போன நாள், அனுமதிச் சீட்டு விவரம். இவற்றின் நகலை மீன்வளத் துறை அலுவலகத்திலும் மீனவர் சங்கத்திலும் கொடுத்து, அரசு தரும் தினசரி நிவாரணப் பட்டியலில் அந்தக் கூலி மீனவரின் பெயரும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை போய் வருவது முக்கியம். முதல் நாள் கூட்டம் பத்தாம் நாள் இருக்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எதிர்க்கரையில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வலை போடுகிறவர்களும் தமிழர்கள், அவர்களிலும் கத்தோலிக்கர் நிறைய. நம் விசைப்படகுகள் கடலடியில் இழுத்துச் செல்லும் இழுவை மடியில் அவர்களின் வலை அறுந்துபோகிறது என்பது அவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லும் குறை. 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. மன்றாட்டில் "சிறையிலிருக்கும் எங்கள் சகோதரர்களுக்காக" என்று சொல்லும்போது, "வலை இழந்த அக்கரைச் சகோதரர்களுக்காகவும்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். ஓரிருவர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு கரை மக்களும் ஒரே பந்தலில் பூசை காண்கிறார்கள். தவக்காலத்தை ஒட்டி நடக்கும் அதற்குப் பெயர் கொடுக்கும் வாய்ப்பு வந்தால் ஒருமுறை போய் வாருங்கள். பாக் நீரிணை ஒரே வீட்டின் முற்றம் என்பது அங்கே கண்ணால் தெரியும்.

மண்டபம் மறுவாழ்வு முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களும் நம் பங்கு எல்லைக்குள் இருப்பவர்கள்தான். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுபோவதோடு நிறுத்தாமல், அங்குள்ள பிள்ளைகளைப் பாடகர் குழுவிலும் பூசையில் குருவுக்கு உதவும் பீடச்சிறார் பட்டியலிலும் சேருங்கள்.

நாற்காலியும் கல்லறையும்

விவிலியத்தில் யாக்கோபின் திருமுகம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். பொன் மோதிரம் போட்டவருக்கு இருக்கை, கந்தல் உடுத்தியவருக்குத் தரை. கடலோரத்திலும் உள்நாட்டிலும் சில இடங்களில் இந்த வேறுபாடு சாதியின் பேரில் நடக்கிறது: கல்லறையில் தனிப் பகுதி, தேர் போகாத தெரு, வாசகம் வாசிக்க ஒருபோதும் அழைக்கப்படாத குடும்பங்கள். 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாடு உண்மையான தோழமைக்கு எதிர்ச் சாட்சி என்று நேரடியாகவே சொன்னார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையும் வெளியிட்டது. ஆக, இது பற்றிப் பேசினால் ஊரைப் பிரிக்கிறாய் என்று சொல்பவர்களுக்குப் பதில் தயாராக இருக்கிறது.

ஆனால் முதலில் உங்கள் நடை. தலித் குடும்பத்தின் வீட்டில் சாப்பிடுங்கள். அவர்கள் வீட்டுத் துக்கத்துக்குப் போய்ப் பாடையில் தோள் கொடுங்கள். வாசகர் பட்டியல், காணிக்கை எடுப்போர் பட்டியல் இரண்டையும் அன்பிய வாரியாகச் சுழற்சியில் போடும்படி பங்குத்தந்தையிடம் கேளுங்கள். சுழற்சி என்று வந்துவிட்டால் எந்தத் தெருவையும் தாண்டிப் போக முடியாது. தேர்ப் பாதையும் கல்லறையும் கடினமானவை. வெளியூர் ஆள் ஒருவர் தனியாகத் தொட்டால் பாதிப்பு அந்தத் தெருக்காரர்களுக்குத்தான் வரும். அவர்கள் என்ன வேண்டும் என்கிறார்களோ, எப்போது என்கிறார்களோ, அதற்குப் பின்னால் நில்லுங்கள்.

மற்ற மதத்தினரோடு உறவுக்கு இந்தக் கரையில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தங்கச்சிமடம் சந்தியாகப்பர் கோயிலுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வருகிறார்கள். உதவி செய்யும்போது மட்டும் ஒரு கட்டுப்பாடு: உதவி வாங்க வருகிறவரிடம் ஜெபத்துக்கு வா என்று சொல்லக் கூடாது.

கடலும் கரையும்

கிழிந்த நைலான் வலையைக் கடலில் வீசாமல் கொண்டுவந்து போட இறங்குதளத்தில் ஓர் இடம் ஒதுக்கச் சொல்வது, திருவிழா விருந்தில் பிளாஸ்டிக் தம்ளர் தவிர்த்து வாழை இலையும் எவர்சில்வரும் வைப்பது, கோயில் வளாகத்தில் பனங்கொட்டை ஊன்றுவது. இவை இளையோர் இயக்கத்தால் ஒரு மாதத்தில் முடியும். செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை படைப்பின் காலம் என்று திருச்சபை கொண்டாடுவதால் அந்த மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்குமடி, இரட்டைமடி என்ற வலைகளைப் பற்றிய விவாதத்தை இளைஞர்களிடம் விட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் உட்கார்ந்து, நாட்டுப்படகுக்காரரையும் விசைப்படகுக்காரரையும் ஒரே அன்பியத்தில் பேச வைக்க வேண்டியது அது.

பங்கின் காசு

அன்றாட விநியோகத்தில் தங்கள் கைம்பெண்கள் விடுபட்டுப் போனார்கள் என்று ஒரு பிரிவினர் முறையிட்டது விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. அதற்குத் திருத்தூதர்கள் கோபப்படவில்லை, ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஆகவே கணக்கு கேட்பதைக் கெட்ட பழக்கமாக நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பதும், நம்பிக்கையாளர்கள் கொடுத்த காணிக்கைக்கு அவர்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்பதும் 1983 திருச்சபைச் சட்டத்தொகுப்பில் இருக்கின்றன. கேட்கும் விதம் முக்கியம். பூசை முடிந்து வாசலில் நின்று கேட்காமல், பேரவைக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார், கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில் பிள்ளை, பள்ளியில் கூட்டிப் பெருக்கும் அம்மா ஆகியோருக்கு என்ன சம்பளம் என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள். நியாயமான கூலி பற்றிப் பிரசங்கம் செய்யும் பங்கு முதலில் தன் சம்பளப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

நவம்பர் ஞாயிறு

வழிபாட்டு ஆண்டில் பொதுக்காலம் எனப்படும் பகுதியின் 33ஆம் ஞாயிறை வறியோர் நாளாக 2017 முதல் திருச்சபை முழுதும் கொண்டாடுகிறது. நமக்கு அது நவம்பர் நடுவில், வாடை தொடங்கி மீன்பாடு குறையும் நேரத்தில் வருகிறது. வழக்கமாகச் சாப்பாடு போடுவார்கள். சாப்பாட்டோடு ஒரு மனு முகாமும் வைக்கலாம் என்று பங்குத்தந்தையிடம் செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள். பள்ளிக்கூட வகுப்பறை இரண்டு, நகல் இயந்திரம் ஒன்று, இணைய வசதியுள்ள இரண்டு மடிக்கணினி, படிவம் நிரப்பத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், புகைப்படம் எடுக்க ஒருவர். மறைமாவட்டப் பல்நோக்கு சமூக சேவைச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் ஆள் அனுப்ப முடியுமா என்று சொல்வார்கள். கிராம நிர்வாக அலுவலரையும் மீன்வளத் துறை ஆய்வாளரையும் முன்கூட்டியே நேரில் போய் அழையுங்கள்; ஞாயிறு வர முடியாது என்றால், எந்த நாளில் மனுக்களைச் சேர்த்து வாங்கிக்கொள்வார் என்று கேட்டு வாருங்கள்.

அறிவிப்பை மூன்று வாரம் தொடர்ந்து பூசையிலும், இறங்குதளத்திலும், பள்ளிவாசல் ஜமாஅத் மூலமும், அம்மன் கோயில் தெருவிலும் சொல்லுங்கள். காலைப் பூசை முடிந்த கையோடு தொடங்காமல், மீன் வேலை முடிந்து பெண்கள் குளித்து வரும் பதினொரு மணிக்குத் தொடங்குங்கள். ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு வரிசை எண் போட்டு, நகலில் அதே எண்ணை எழுதி வந்தவர் கையில் கொடுத்துவிடுங்கள். மாலையில் எண்ணும் பெயரும் துறையும் அன்பிய நோட்டில் ஏறட்டும். பொங்கல் கழிந்ததும் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, எந்த எண் எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று கேட்கத் திங்கள்கிழமை ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் நாளுக்கு இரண்டு பேரை அனுப்புங்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் மனு கொடுத்தவராக இருக்கட்டும்.